எங்கட பிள்ளை நிற்கிறது, சரி. என்ன சொல்லி நிற்கிறது?

2024 ஜூலை 5 விடிகாலையில் ஸ்ட்ராட்ஃபர்ட் அண்ட் போ தொகுதியின் முடிவு வெளியானபோது, ஈஸ்ட் ஹாமிலிருந்து ஹாரோ வரை தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வாழ்த்துகள் குவிந்தன. லேபர் கட்சி வேட்பாளர் உமா குமரன் வென்றிருந்தார். போருக்குத் தப்பி இங்கிலாந்து வந்த ஈழத் தமிழ்ப் பெற்றோரின் மகள். 2015இல் ஹாரோ ஈஸ்ட் தொகுதியில் நின்று, கன்சர்வேட்டிவ் கட்சியின் பாப் பிளாக்மனிடம் தோற்றவர். ஒன்பது ஆண்டு கழித்து நகரத்தின் இன்னொரு மூலையில் நின்று ஜெயித்தார். ஈழத் தமிழ்ப் பின்னணியிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டருக்குள் நுழைந்த முதல் பெண் என்ற பெருமையைக் கொண்டாடியதில் தவறே இல்லை.

ஆனால் அந்த வாரம் கொண்டாடியவர்களில் எத்தனை பேரால், வீட்டு வாடகையைப் பற்றி அவருடைய நிலைப்பாடு என்ன, வரியைப் பற்றி என்ன, வீசா விதிகளைப் பற்றி என்ன என்று சொல்லியிருக்க முடியும்? “எங்கட பிள்ளை நிக்குது, வோட்டுப் போடுங்கோ” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இரத்தத்தை வைத்துக் கொள்கையைக் கணிக்க முடியாது என்பதற்கு நமக்குக் கிட்டவே ஓர் உதாரணம் உண்டு. 2015 முதல் நாடாளுமன்றத்தில் இருக்கும் சுவெல்லா பிரேவர்மனின் தாய் மொரீஷியஸ் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். உள்துறை அமைச்சராக இருந்தபோது அகதிகளை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டத்தை முன்னின்று நடத்தியவர் அவர். தமிழ் வேர் என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் இந்த இருவரும் ஒரே பட்டியலில் வந்துவிடுவார்கள்.

முதலில் உரிமையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது இருப்பதே பலருக்குத் தெரியாது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்தால்தான் இங்கே வோட்டு என்று நினைப்பவர்கள் நம்மில் ஏராளம். அது தவறு. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா எல்லாம் காமன்வெல்த் நாடுகள். இவற்றின் குடிமக்கள், இங்கே தங்குவதற்கு எந்த வகை அனுமதி வைத்திருந்தாலும், 18 வயது நிரம்பியிருந்தால் நாடாளுமன்றத் தேர்தல் உட்பட எல்லாத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். மாணவர் வீசாவில் வந்து மூன்று மாதமான கோயம்புத்தூர்ப் பையனுக்கும் வோட்டு உண்டு. கேர் ஹோமில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் திருச்சி நர்ஸுக்கும் உண்டு. அகதி அந்தஸ்து கிடைத்து ஐந்து ஆண்டு அனுமதியில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரருக்கும் உண்டு. அனுமதி எதுவும் இல்லாமல் புகலிட விண்ணப்பத்தின் முடிவுக்குக் காத்திருப்பவர்களுக்கு மட்டும் இல்லை. நிரந்தர வசிப்புரிமை பெற்ற காமன்வெல்த் குடிமகன் நாடாளுமன்றத்துக்கு வேட்பாளராகவே நிற்கலாம். 2006ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி செய்திருக்கிறது.

“பெயர் கொடுத்தால் ஹோம் ஆபீஸில் சிக்கல் வருமா?” என்ற பயம் வீண். சட்டம் கொடுத்த உரிமையைப் பயன்படுத்துவது வீசா விதிமீறல் ஆகாது. இங்கே வோட்டுப் போடுவதால் இந்தியக் குடியுரிமையும் போகாது. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றால்தான் அது போகும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் வங்கிக் கடனுக்கான கிரெடிட் ஸ்கோருக்குக்கூட நல்லது. பெயரும் முகவரியும் விளம்பரக்காரர்கள் கைக்குப் போக வேண்டாம் என்றால், பதிவு செய்யும்போதே வெளிப் பட்டியலிலிருந்து விலகிக்கொள்ளலாம். குடும்ப வன்முறைக்கு அஞ்சி முகவரியை மறைத்து வாழ்பவர்கள், உரிய சான்றோடு, பெயர் வெளியில் தெரியாமலே பதிய வழி உண்டு. வாக்குப்பதிவுக்கு 12 வேலை நாள் முன்பு பதிவு முடிந்துவிடும். தேர்தல் அறிவிப்பு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் நழுவிவிடும்.

இனி வேட்பாளர் விஷயம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: வேட்பாளரின் சொத்து எவ்வளவு, வழக்கு எத்தனை, படிப்பு என்ன என்று பிரமாணப் பத்திரத்தைப் பார்ப்பது. 2002, 2003ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் வந்த வசதி அது. பிரிட்டனில் அப்படி எதுவும் இல்லை. வேட்புமனுவுக்கு வேண்டியது 10 வாக்காளர்களின் கையெழுத்து, 500 பவுண்டு வைப்புத்தொகை, சம்மதப் படிவம், வீட்டு முகவரி. அதையும் வாக்குச்சீட்டில் காட்ட வேண்டாம் என்று கேட்கலாம். வேட்பாளருக்கு என்ன சொத்து, எந்த நிறுவனத்தில் பங்கு என்பதெல்லாம் ஜெயித்து எம்.பி. ஆனபின் நலன்கள் பதிவேட்டில்தான் தெரியவரும். உலகத்துக்கே நாடாளுமன்ற ஜனநாயகம் சொல்லிக்கொடுத்த நாடு இந்த ஒரு விஷயத்தில் இந்தியாவிடம் பாடம் கேட்கலாம். ஆக, இங்கே வாக்காளர் கையில் இருப்பது பெரும்பாலும் வேட்பாளரின் வாய்ச்சொல்லும் கட்சியின் தேர்தல் அறிக்கையும் மட்டுமே.

இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் ஏமாற்றம் தொடங்குகிறது. வேட்பாளர் ஒன்று சொல்வார், கட்சி ஒன்று சொல்லும், வாக்கெடுப்பு நாளில் கொறடா இன்னொன்று சொல்வார். மூன்றாவது குழந்தையிலிருந்து கூடுதல் உதவித்தொகை இல்லை என்ற விதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஏப்ரலில் வந்தது அது. லேபர் கட்சியில் அதை வெறுத்துப் பேசியவர்கள் பலர். ஆட்சிக்கு வந்த மூன்றாவது வாரம், 2024 ஜூலை 23 அன்று, அதை நீக்கக் கோரும் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. கட்சி கட்டளையை மீறி ஆதரித்த லேபர் எம்.பி.க்கள் ஏழே பேர். ஏழு பேரையும் கட்சி நாடாளுமன்றக் குழுவிலிருந்து தற்காலிகமாக நீக்கியது. பிறகு 2025 நவம்பர் பட்ஜெட்டில் அதே அரசு அந்த விதியை 2026 ஏப்ரல் முதல் எடுத்துவிடுவதாக அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் மூன்றாவது குழந்தையோடு ஈஸ்ட் ஹாமில் ஓர் அறையில் வாழ்ந்த தாய்க்கு, தன் எம்.பி. மனதுக்குள் என்ன நினைத்தார் என்பதால் ஒரு பென்னியும் வரவில்லை.

ஆகவே வேட்பாளரிடம் “இதை ஆதரிக்கிறீர்களா?” என்று கேட்பது அரைக் கேள்வி. “கட்சி வேறு மாதிரி சொன்னால் எப்படி வாக்களிப்பீர்கள்?” என்பதைச் சேர்த்துக் கேட்டால்தான் அது முழுசு. சில விஷயங்களில் கொறடாவே தலையிடுவதில்லை. தீராத நோயில் இருப்பவர் மருத்துவ உதவியோடு உயிரை முடித்துக்கொள்ளும் உரிமை பற்றிய மசோதா 2024 நவம்பர் 29 அன்று 330க்கு 275 என்ற கணக்கில் முதல் பெரிய வாக்கெடுப்பைத் தாண்டியது. அவரவர் மனச்சாட்சிப்படி போட்ட வோட்டு அது. இப்படிப்பட்ட சமூகப் பிரச்சினைகளில் கட்சியின் பெயர் எதையும் சொல்லாது. வேட்பாளரின் தனிப்பட்ட எண்ணம்தான் சட்டமாகிறது. மதம், குடும்பம், முதுமை பற்றி அழுத்தமான கருத்துள்ள நம் சமூகம் அதிகம் கேட்க வேண்டிய கேள்வி இது. பெரும்பாலும் கேட்காமல் விடுவதும் இதுவே.

கட்சியே இல்லாமல் நின்றால்? 2009 ஜூன் 4 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் ஜனனி ஜனநாயகம் லண்டன் முழுவதற்கும் சுயேச்சையாக நின்றார். முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பார்லிமென்ட் ஸ்கொயரில் போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். 50,000க்கு மேல் வாக்கு விழுந்தது. தனி மனுஷியாக ஒரு கோரிக்கையை முன்வைத்து அவ்வளவு வாக்கு வாங்கியது இங்குள்ள பெரிய கட்சிகளையும் திரும்பிப் பார்க்க வைத்தது. சுயேச்சைக்குக் கொறடா இல்லை. ஆனால் வாடகையையோ வரியையோ மாற்றும் பலமும் இல்லை. ஒரே கேள்விக்காக நிற்பவருக்குப் போடுகிறோம் என்று தெரிந்து போட்டால் அது நேர்மையான வாக்கு.

பொருளாதார வாக்குறுதிகளில் சொற்களின் ஓரத்தைக் கவனிக்க வேண்டும். உழைக்கும் மக்களின் வரியைக் கூட்ட மாட்டோம், நேஷனல் இன்ஷூரன்ஸ், வருமான வரி விகிதம், வாட் மூன்றையும் தொட மாட்டோம் என்றது 2024 லேபர் அறிக்கை. 2025 ஏப்ரலில் முதலாளிகள் கட்டும் நேஷனல் இன்ஷூரன்ஸ் 13.8 சதவீதத்திலிருந்து 15 ஆனது. எந்தச் சம்பளத்துக்கு மேல் கட்ட வேண்டும் என்ற வரம்பு 9,100 பவுண்டிலிருந்து 5,000க்கு இறங்கியது. அறிக்கை சொன்னது தொழிலாளி கட்டும் பங்கைத்தான் என்றது அரசு. வாக்குறுதி மீறல் என்றனர் எதிர்க்கட்சியினர். ஹாரோவில் நாலு பேரை வைத்து மளிகைக் கடை நடத்துபவர் இரண்டு பேர் பேச்சையும் விட்டுவிட்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும்: சிறு முதலாளிகளுக்கான வருடத் தள்ளுபடி அதே மாதம் 5,000லிருந்து 10,500 பவுண்டானது. அவர் கட்டும் தொகை குறைந்திருக்கவும் கூடும். கேட்க வேண்டியது “வரி கூடுமா?” என்பதல்ல, “எந்த வரி, யார் கட்டுவது, எவ்வளவுக்கு மேல்?”

வாடகை வீட்டுக் கதை இன்னும் நீளம். காரணம் சொல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்றும் செக்‌ஷன் 21 நோட்டீஸ் லண்டன் தமிழர்களில் வாடகைக்கு இருக்கும் யாருக்கும் புதிதல்ல. அதை ஒழிப்போம் என்று 2019இல் வாக்குறுதி தந்தவர்கள் கன்சர்வேட்டிவ்கள். 2023 மே மாதம் மசோதா வந்தது. 2024இல் தேர்தலுக்காக நாடாளுமன்றம் கலைக்கப்பட்டபோது செத்துப்போனது. ஐந்து ஆண்டு ஆட்சி, அறுதிப் பெரும்பான்மை, சொந்த வாக்குறுதி, எல்லாம் இருந்தும் நடக்கவில்லை. லேபர் அரசு கொண்டுவந்த சட்டம் 2025 அக்டோபர் 27 அன்று ஒப்புதல் பெற்று, 2026 மே 1 முதல் செக்‌ஷன் 21ஐ நீக்குகிறது. நம்மில் வீட்டு உரிமையாளர்களும் நிறைய உண்டு என்பதால் இதை எல்லோரும் கைதட்டி வரவேற்க மாட்டார்கள். அதுவும் சரிதான், நிலைப்பாடு என்பது யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று தெரிந்து பேசுவது.

வீசா வைத்திருப்பவர்களுக்கு ஆகப் பெரிய அடி தேர்தல் அறிக்கையில் எழுதப்படாத இடத்திலிருந்து வந்தது. குடியேற்றத்தைக் குறைப்போம் என்று லேபர் சொல்லியிருந்தது. நிரந்தர வசிப்புரிமைக்குக் காத்திருக்கும் காலத்தை ஐந்திலிருந்து பத்து ஆண்டாக்கும் யோசனை 2025 மே 12 வெள்ளை அறிக்கையில்தான் வெளிப்பட்டது. வெளிநாட்டிலிருந்து கேர் வொர்க்கர்களை எடுப்பது அதே ஆண்டு ஜூலையில் நிறுத்தப்பட்டது. கடன் வாங்கி ஏஜென்டுக்குக் கட்டி வந்தவர்களின் பத்தாண்டுத் திட்டம் ஆட்டம் கண்டது. இந்த மக்களுக்கு வாக்குரிமை உண்டு என்பதைத்தான் மேலே சொன்னேன். தங்கள் தொகுதியில் எத்தனை கேர் வொர்க்கர்கள் பட்டியலில் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் வேட்பாளர்களின் குரல் மாறும்.

வாக்குறுதியை மீறினால் வழக்குப் போடலாமா? முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் லிஸ்பன் ஒப்பந்தத்துக்குப் பொதுவாக்கெடுப்பு நடத்துவோம் என்ற வாக்குறுதியைக் கைவிட்டதாக ஸ்டுவர்ட் வீலர் என்பவர் பிரதமர் அலுவலகத்தின் மேல் வழக்குப் போட்டார். 2008இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இது அரசியல் களத்தில் தீர்க்க வேண்டியது என்றது. 2010இல் கல்லூரிக் கட்டணத்தைக் கூட்டவே மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த லிபரல் டெமாக்ரட்களில் 28 பேர், அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று உச்சவரம்பை 9,000 பவுண்டாக்க வோட்டுப் போட்டனர். கையெழுத்திட்ட காகிதத்துக்கும் நீதிமன்றத்தில் மதிப்பில்லை. எம்.பி.யைத் திரும்ப அழைக்க 2015இல் சட்டம் வந்தது, ஆனால் சிறைத் தண்டனை, நாடாளுமன்ற இடைநீக்கம், பொய்க் கணக்குக் காட்டிப் படி வாங்கியது என்ற மூன்றுக்குத்தான். அதன் பிறகு தொகுதியில் 10 சதவீதம் பேர் ஆறு வாரத்துக்குள் கையெழுத்திட வேண்டும். சொன்ன சொல் தவறியது அந்தப் பட்டியலில் இல்லை. கட்சி தாவினாலும் இடைத்தேர்தல் கிடையாது.

சொல் தவறுவதைத் தண்டிக்காத சட்டம், வோட்டு வாங்கும் முறையில் ஏமாற்றினால் கடுமையாகப் பிடிக்கிறது. அதற்கான பாடம் உமா குமரனின் தொகுதிக்குள்ளேயே இருக்கிறது. போ பகுதி டவர் ஹாம்லெட்ஸ் கவுன்சிலைச் சேர்ந்தது. 2014இல் அங்கே மேயராக வென்ற லுத்ஃபர் ரஹ்மானின் தேர்தலைச் சாதாரண வாக்காளர்கள் நாலு பேர் நீதிமன்றத்துக்கு இழுத்தனர். 2015 ஏப்ரல் 23 அன்று தேர்தல் ஆணையர் ரிச்சர்ட் மாவ்ரி அந்தத் தேர்தலைச் செல்லாது என்றார். கவுன்சில் மானியங்களை வோட்டுக்கு லஞ்சமாகக் கொடுத்தது, எதிர் வேட்பாளரை இனவெறியர் என்று பொய் சொன்னது, 101 இமாம்களின் கையெழுத்தோடு வெளியான கடிதத்தால் மத நெருக்குதல் தந்தது என்று தீர்ப்பு அடுக்கியது. ஐந்து ஆண்டுத் தடை முடிந்து 2022இல் அவர் மறுபடி நின்று வென்றார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்த மத நெருக்குதல் பகுதி நம் கோயில்களுக்கும் பொருந்தும். பொங்கலுக்கு வேட்பாளரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவதில் குற்றமில்லை. ஆனால் அறக்கட்டளையாகப் பதிந்த கோயில் ஒரு கட்சிக்கோ வேட்பாளருக்கோ ஆதரவு கேட்கக் கூடாது. மைக்கில் “இவருக்குப் போட்டால்தான் அம்மன் அருள்” என்று யாராவது பேசினால் அது விளையாட்டல்ல. ஆன்மிக அழுத்தம் தருவது குற்றம் என்று 2022 தேர்தல் சட்டம் தெளிவாக எழுதியிருக்கிறது. எல்லா வேட்பாளரையும் ஒரே மேடைக்கு அழைத்துக் கேள்வி கேட்பது தாராளமாகச் செய்யலாம். நம் கோயில் மண்டபங்களுக்கு அதைவிட நல்ல உபயோகம் தெரியவில்லை.

சாப்பாடு? வோட்டைத் திருப்பும் நோக்கத்தோடு விருந்து வைப்பது குற்றம். 2015இல் சவுத்தாம்ப்டன் இட்சன் தொகுதியின் யூகிப் வேட்பாளர் கிம் ரோஸ், ஒரு நிகழ்ச்சியில் சாசேஜ் ரோல் பரிமாறியதற்காகப் போலீஸ் விசாரணைக்குப் போய்வந்தார், வழக்கில்லாமல் முடிந்தது. வோட்டுக்குப் பணம் கொடுக்கும் திருமங்கலம் ஃபார்முலாவைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சிரிப்பு வரும்தான்.

வாட்ஸ்அப்பில் வரும் பொய்க்கும் எல்லை உண்டு. எதிர் வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றித் தெரிந்தே பொய் பரப்புவது குற்றம். 2010இல் ஓல்டம் ஈஸ்ட் அண்ட் சாடில்வர்த் தொகுதியை 103 வாக்கில் வென்ற ஃபில் வூலஸ், துண்டறிக்கையில் எதிரியைப் பற்றி எழுதிய பொய்யால் பதவியையும் மூன்று ஆண்டு தேர்தல் உரிமையையும் இழந்தார். கொள்கையைப் பற்றிய பொய்க்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கேதான் உங்கள் சொந்தச் சோதனை தேவை. யார் வெளியிட்டது என்ற பெயரும் முகவரியும் துண்டறிக்கையில் இருக்க வேண்டும். 2023 நவம்பர் முதல் இணையப் பிரசாரத்துக்கும் இது உண்டு. அது இல்லாத ஃபார்வர்டைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

எல்லாவற்றிலும் நான் அதிகம் கவலைப்படுவது வீட்டுக்குள் நடப்பதைப் பற்றி. தபால் வாக்குகள் ஐந்தும் வந்தால், அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஐந்தையும் நிரப்பிவிடுகிறார். அம்மாவும் மருமகளும் கையெழுத்து மட்டும் போடுகிறார்கள். அன்பாகச் செய்தாலும் அது இன்னொருவரின் வாக்கைத் திருடுவது. வாக்குச்சாவடியிலும் அப்படித்தான்: இன்னொருவரின் வாக்கைத் திருப்பும் நோக்கத்தோடு அவருடன் தடுப்புக்குள் நிற்பது 2023இல் வந்த தனிச் சட்டத்தால் குற்றம். ஊனமுற்றவருக்குத் துணையாகப் போவது மட்டும் விதிவிலக்கு. கட்சிக்காரர் வந்து “குடுங்கோ, நான் போட்டுவிடுறன்” என்று தபால் உறையைக் கேட்டால் கொடுக்காதீர்கள். நெருங்கிய உறவினரையும் தான் வழக்கமாகப் பராமரிப்பவரையும் தவிர வேறு யாருடைய தபால் வாக்கையும் அவர் கையால் தொடக் கூடாது. சாவடியில் நேரில் ஒப்படைப்பவர் தன்னுடையதோடு இன்னும் ஐந்துக்கு மேல் கொண்டுவர முடியாது.

நேரில் போவதென்றால் படத்தோடு கூடிய அடையாளம் வேண்டும். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் செல்லும். காலாவதி ஆனாலும், முகம் அடையாளம் தெரிந்தால் ஏற்பார்கள். தாத்தாவின் 60+ ஆய்ஸ்டர் கார்டு செல்லும், பேரனின் மாணவர் ஆய்ஸ்டர் செல்லாது. எதுவும் இல்லாதவர்கள் வாக்காளர் சான்றிதழை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். வாக்குப்பதிவுக்கு ஆறு வேலை நாள் முன்பு மாலை 5 மணி வரை நேரம். வாக்குப்பதிவு நாளில் காலை 7 முதல் இரவு 10 வரை சாவடி திறந்திருக்கும். இரவு ஷிஃப்டை இதற்கு ஒரு சாக்காகச் சொல்ல வழியில்லை.

முறைகேடு கண்டால் போலீஸ்தான். பெயர் சொல்லத் தயங்குபவர்களுக்குக் கிரைம்ஸ்டாப்பர்ஸ் உண்டு. கோயில் கட்சி அரசியல் பேசினால் சாரிட்டி கமிஷன். தேர்தலையே செல்லாததாக்க வேண்டுமென்றால் அந்தத் தொகுதி வாக்காளரே மனுப் போடலாம், ஆனால் முடிவு வந்து 21 நாளுக்குள், எம்.பி. தேர்தலுக்கு 5,000 பவுண்டு வரை உத்தரவாதப் பணம், வழக்கறிஞர் செலவு வேறு. டவர் ஹாம்லெட்ஸ் வாக்காளர்கள் தங்கள் சொந்தக் காசைப் பணயம் வைத்தார்கள்.

தேர்தலுக்கும் தேர்தலுக்கும் இடைப்பட்ட வருடங்களுக்கு வேறு வேலை இருக்கிறது. எம்.பி. ஆன எவரும் எந்த வாக்கெடுப்பில் எப்படிப் போட்டார் என்பது நாடாளுமன்ற இணையதளத்திலும் தேவொர்க்ஃபார்யூ (TheyWorkForYou) தளத்திலும் நாள்வாரியாகக் கிடைக்கிறது. உமா குமரன் வெளியுறவுக் குழுவில் இருக்கிறார். இலங்கை பற்றி அவர் கேட்ட கேள்விகளைப் படிப்பதோடு நிறுத்தாமல், வாடகையும் வீசாவும் வந்த நாட்களில் அவர் எந்தப் பக்கம் நின்றார் என்றும் பாருங்கள். வேறு தொகுதியில் இருப்பவர்கள் தங்கள் எம்.பி.யின் பெயரைப் போட்டுப் பாருங்கள். பிறகு கடிதம் எழுதுங்கள், அல்லது அவர் மக்களைச் சந்திக்கும் நாளில் நேரம் வாங்கிப் போங்கள். தமிழர் என்பதற்காக ஹாரோவிலிருந்து ஸ்ட்ராட்ஃபர்ட் எம்.பி.க்கு எழுதிப் பயனில்லை. மரபுப்படி அவரவர் தொகுதிக்காரரின் விவகாரத்தைத்தான் எடுப்பார்கள். கடிதத்தின் தலைப்பில் முழு முகவரியும் போஸ்ட்கோடும் இருக்கட்டும், இல்லாவிட்டால் பதில் வராது.